வறண்ட செபம் விசுவாசக் குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடவுளுக்காக ஏங்கும் மனத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். அந்த ஏக்கம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்றது சரி. ஆனால் செபத்தில் ஒன்றும் உணராதவர் விசுவாசத்தில் தளர்ந்தவர் என்றும், உபவாசத்தைக் கூட்டி இரவெல்லாம் விழித்துச் செபித்தால் பழைய உருக்கம் திரும்பிவிடும் என்றும் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. இந்த அறிவுரையைக் கேட்டு அலைக்கழிந்தவர்கள்தான் தியான இல்லங்களுக்கு அதிகம் வருகிறார்கள்.

நீரோடைக்காக ஏங்குவதாகக் கட்டுரையாளர் காட்டிய கலைமான், விவிலியத்தின் 42ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில் வருகிறது. அந்த வரியோடு நிறுத்தினால் இனிமையாகத்தான் இருக்கும். மேலே படித்தால், எருசலேம் கோவிலை விட்டுத் தொலைவில், யோர்தான் பகுதியில், எர்மோன் மலைப்பக்கம் இருப்பவன் ஒருவனின் புலம்பல் அது. இரவும் பகலும் கண்ணீரே அவனுக்கு உணவு. ‘உன் கடவுள் எங்கே?’ என்று இரண்டு இடங்களில் அவனைக் கேட்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தோடு கோவிலுக்குப் போன நாள்களை நினைத்து உருகுகிறான். 43ஆம் திருப்பாடலும் இதே பாட்டின் பகுதி என்பது அறிஞர் பலரின் கருத்து; இரண்டிலும் சேர்த்து ஒரே பல்லவி மூன்று முறை வருகிறது. ஏன் கலங்குகிறாய், கடவுளை நம்பியிரு என்று தன் நெஞ்சுக்கே சொல்லிக்கொள்கிறான். கடவுள் வந்து பதில் சொன்னதாகக் கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. இவனையும் தளர்ந்தவர் பட்டியலில் சேர்ப்பதா?

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், செபத்தில் ஒன்றும் உணராத இந்த வறட்சிக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் மூன்று காரணங்கள் சொல்கிறார். ஒன்று, நம் அசட்டை. செப நேரத்தைச் சுருக்கினோமா, பகைமை எதையாவது மனத்தில் வைத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்ற இரண்டிலும் நம் குற்றம் எதுவும் இல்லை. ஆறுதல் கிடைக்காதபோது எந்த அளவுக்கு நிற்கிறோம் என்று கடவுள் சோதிக்கலாம். அந்த ஆறுதல் நாம் சம்பாதித்தது அல்ல, அவர் தருவது என்று கற்றுக்கொடுக்கலாம். முதல் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளைக் குற்றவாளி ஆக்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

அவர் தரும் விதி கறாரானது: வறட்சி வேளையில் எந்த முடிவையும் மாற்றாதே. முன்பு தெளிவோடு இருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். ஒரு மணி நேரம் செபிப்பதாக இருந்தால் அதைக் குறைக்காதே, கொஞ்சம் கூடுதலாகவே இரு. தவத்தைத் தக்க அளவில் கூட்டலாம் என்றும் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது வறட்சிக்குப் பணியாமல் நிற்பதற்கே தவிர, உருக்கத்தை விலைக்கு வாங்க அல்ல. மறுபக்கமும் அவருக்குத் தெரியும். உருக்கம் பொங்கும் வேளையில் அவசரமாக நேர்ச்சையோ வாக்குறுதியோ செய்யவிடக் கூடாது என்று தியானம் கொடுப்பவரை எச்சரிக்கிறார். கடைசி நாள் இரவு இசையும் கண்ணீருமாய் இருக்கும்போது, ‘துறவறம் போகிறேன்’ என்று கை தூக்கச் சொல்லும் கூட்டங்களை நடத்துவோர் இதை ஒருமுறை படிக்கலாம்.

வறட்சி எந்த வகை என்று கண்டுபிடிக்க, ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி புனித சிலுவை யோவான் மூன்று அடையாளங்கள் தருகிறார். 1577 டிசம்பரில் அவருடைய சபையாரே அவரைப் பிடித்துத் தொலேதோவில் ஒன்பது மாதம்போல் ஒரு சிற்றறையில் அடைத்துவைத்தார்கள். இருட்டைப் பற்றிப் பேச உரிமை உள்ளவர்தான். முதல் அடையாளம்: கடவுள் காரியத்திலும் சுவை இல்லை, உலகக் காரியத்திலும் சுவை இல்லை. செபம் கசந்து, அரட்டையும் சினிமாவும் இனித்தால் அது வெறும் அசட்டை. இரண்டாவது: கடவுளுக்கு ஒழுங்காக ஊழியம் செய்யவில்லையே, பின்னுக்குப் போகிறோமே என்ற தவிப்பு விடாமல் இருக்கும். கடவுள் பற்றில் வெதுவெதுப்பானவருக்கு இந்தக் கவலை வருவதில்லை. மூன்றாவது: முன்போல் காட்சிகளைக் கற்பனை செய்து தியானிக்க முயன்றாலும் முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் கடவுள் ஆளை அடுத்த படிக்குக் கொண்டுபோகிறார் என்பது அவர் தீர்ப்பு. இரண்டாவது அடையாளம்தான் எங்களுக்கு முக்கியம். இல்லாத ஒருவருக்காக யாரும் இப்படித் தவிக்க மாட்டார்கள். செபத்தில் கடவுளை உணராத தம் இருட்டைப் பற்றி அன்னை தெரசா எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோது, அவருக்கு விசுவாசமே போய்விட்டது என்று பலர் எழுதினார்கள். பல பத்தாண்டுகள் நீடித்த அந்த இருட்டிலும் அவர் செபத்தை விடவில்லை.

இந்த நிலையில் இருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். 42, 43ஆம் திருப்பாடல்கள் இரண்டையும் மெதுவாக ஒருமுறை வாசிக்கவும். மனம் நிற்கிற ஒரு வரியில் அப்படியே இருக்கவும். எதுவும் நிற்கவில்லையா, பல்லவியையே எடுத்துக்கொள்ளலாம். பராக்கு வந்தால் சண்டை போடாமல் அதே வரிக்குத் திரும்பினால் போதும். ‘இது எடுபடவில்லை’ என்று பத்து நிமிடத்தில் வேறு பகுதிக்குத் தாவுவதும், கைபேசியில் உருக்கமான பாட்டை ஓடவிட்டுக் கண்ணீர் வரவழைப்பதும் பலர் சறுக்கும் இடங்கள். அழுகை வரும், பாட்டு நின்றதும் வறட்சி இரட்டிப்பாகும். ஞாயிறு திருப்பலியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்.

இன்னொன்று. உடல்நிலையாலும் மனச்சோர்வாலும் இப்படி ஒரு வறட்சி வரலாம் என்று யோவானே சொல்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, வேலை ஓடாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். வாழ வேண்டாம் என்ற நினைப்பு ஒன்றே வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அப்படிப்பட்டவரிடம் உபவாசத்தைக் கூட்டு என்பது ஆபத்து. கட்டுரையின் அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தியானப் பணியில் உள்ள வாசகர்கள்,
திண்டுக்கல்.