எங்கட பொறுப்பாளர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். விதைப்பு முடிஞ்சு மழையும் பிடிச்சிட்டுது. போன கிழமை ஒரு வயசுபோன அம்மா மோசம்போக நான் பாடை காவினதை அறிஞ்சு, "சொந்தமே அப்பா?" எண்டு கேட்டாய். போனில சொல்ல வாய் வரேல்லை. அவ புலிகள் இயக்கத்தில எங்கட அணிக்குப் பொறுப்பாளரா இருந்தவரைப் பெத்தவ. அவற்ற பேரை எழுதேல்லை, குடும்பம் இஞ்சதான் இருக்கு.

1997 மே 13இல ஜெயசிக்குறு எண்ட ஆமியின்ர படை நடவடிக்கை தொடங்கினது. வவுனியாவில இருந்து ஏ-9 வீதியைப் பிடிச்சுக்கொண்டு வடக்க போறதுதான் ஆமியின்ர திட்டம். நான் புளியங்குளத்தில நிண்டனான். எங்கட அணியில செல்லுக்கு விழுந்தவையை விட மலேரியாவுக்கு விழுந்தவை கூட. பொருளாதாரத் தடையால மருந்து, பற்றரி, சவுக்காரம் எல்லாத்துக்கும் தட்டுப்பாடு.

அவர் இரவில பங்கர் பங்கராக் குனிஞ்சு வருவார். துவக்கைப் பாக்க முதல் எங்கட நெத்தியில புறங்கையை வைச்சுப் பாப்பார். பிறகு நுளம்பு வலையை விரலால தடவுவார். ஓட்டை தட்டுப்பட்டா அந்த இடத்திலயே குந்தியிருந்து தைப்பார். ஊசியும் கறுத்த நூலும் எப்பவும் சேட்டுப் பொக்கற்றில. சண்டைக் கதையள் கனபேர் எழுதியிருக்கினம். எனக்கு அவர் எண்டா அந்த ஊசியும் நூலும்தான். குளிசை கைக்குது எண்டு துப்பினவனை முன்னால இருத்தி, விழுங்கும் மட்டும் எழும்பமாட்டார்.

ஒருக்கா சண்டை ஓய்ஞ்சாப் பிறகு ஆமிக்காரரின்ர உடல்களை எடுத்தம். ஒரு பெடியன்ர பொக்கற்றில சிங்களத்தில ஒரு கடிதம், ஒரு பக்கம் இரத்தத்தில ஒட்டிப்போய் இருந்தது. எங்கட ஒருத்தன் பகிடிக்கு அதை வாசிக்கிற மாதிரி நடிச்சான். அவர் பேசாமல் வாங்கி, மடிப்புக் கலையாமல் சொப்பின் பையில சுத்தி, அந்தப் பொக்கற்றுக்குள்ளயே திருப்பி வைச்சார். "இது அவன்ர வீட்டுச் சாமான். வீட்டைதான் போகவேணும்." உடல்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போச்சுது.

எல்லாரும் அவரைப் போல இருந்தவை எண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன். சண்டையின்ர கடைசிக் காலத்தில இயக்கம் வீடு வீடாப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனதை நான் கண்ணால கண்டனான். அதுக்கு நியாயம் சொல்ல என்னட்ட ஒண்டுமில்லை. இவர், வயசைக் கூட்டிச் சொல்லி வந்த ஒரு சின்னப் பெடியனைச் சைக்கிளில ஏத்திக்கொண்டுபோய்த் தாயிட்ட விட்டவர். அதுக்கு மேலிடத்தில பேச்சும் வாங்கினவர்.

1998 செப்ரெம்பர், கிளிநொச்சிச் சண்டையில அவர் போயிட்டார். அவரை விதைச்ச துயிலுமில்லத்தை, அதுதான் போராளியளைப் புதைச்ச இடத்தை, 2009க்குப் பிறகு இடிச்சுத் தள்ளிப்போட்டாங்கள். தாய் வைச்சிருந்த ஒரேயொரு படத்தையும் முகாமுக்குப் போகமுதல் பயத்தில எரிச்சவ. இப்ப அவவும் இல்லை. அந்த முகம் தெரிஞ்ச ஆக்கள் குறைஞ்சுகொண்டு வருகினம், அதால நீ அறிஞ்சு வைச்சிரு: நெடுவல், கொஞ்சம் கூனல். இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயம். சிரிச்சா முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில நீக்கல் தெரியும். கதைக்கேக்க குரல் உயராது.

அன்புடன்,
அப்பா