ஹார்லெம் நகரத்துப் பெட்டியும் நம் வீட்டுப் பரணும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கைதான். ஆனால் இம்முறை அந்த இரண்டாம் பாதியை வழக்கத்திற்காக எழுதவில்லை. பங்குனியில் பேசினாய், ஆடி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் காய் நறுக்குகிறாள். நான் எதுவும் கேட்கப்போவதில்லை. உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தம்பி சொன்னதைப் பற்றியும் கேட்கமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அடிக்கடி வருகிற, புதைபடிவங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜான் ஆஸ்ட்ரமைப் பற்றித்தான் இந்த நான்கு மாதங்களாகப் படித்து வருகிறேன். அவர் ஒரு மருத்துவரின் மகன்; தானும் மருத்துவராவதற்காகக் கல்லூரியில் சேர்ந்து, பரிணாமம் பற்றி சிம்ப்சன் எழுதிய நூலைப் படித்ததும் தொல்லுயிரியல் பக்கம் திரும்பிவிட்டாராம். அந்த இடம் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. மருத்துவ இடம் வேண்டாம் என்று நீ சொன்னபோது மூன்று நாள் உன்னிடம் பேசாமல் இருந்தவன் நான். இவள் இந்த மௌனத்தை யாரிடம் கற்றாள் என்று அம்மா கேட்பது நியாயம்தான்.

1964 ஆகஸ்டில், மொன்டானாவில் களப்பணி முடியும் தறுவாயில், ஒரு சரிவில் நீட்டிக்கொண்டிருந்த நகத்தை ஆஸ்ட்ரமும் அவருடைய உதவியாளரும் கண்டார்கள். கருவிகள் கையில் இல்லாததால் பேனாக்கத்தியாலேயே தோண்டத் தொடங்கினார்கள். அந்த விலங்கிற்கு டைனோனிகஸ் என்று அவர் பெயரிட்டது 1969இல். இடையே ஐந்து ஆண்டுகள், கயல். டைனோசர் என்றால் மந்தமாக நகரும் பெரும் பல்லி என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அரிவாள் போன்ற நகமும் விறைத்த வாலும் கொண்ட இது பாய்ந்து வேட்டையாடிய விலங்கு என்று சொல்வதற்கு அவருக்கு அத்தனை நிதானம் தேவைப்பட்டது. அவருடைய மாணவர் பேக்கர் அதையே உரத்த குரலில் சொல்லிப் புகழ் பெற்றார். எனக்கு என்னவோ ஆசிரியரைத்தான் பிடிக்கிறது. நீயும் நிதானமாக இரு, ஆனால் நிறுத்திவிடாதே. வேளைக்குச் சாப்பிடு என்று முன்பே எழுதிவிட்டேனா?

பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரியலாளர் ஹக்ஸ்லி சொன்ன கருத்தை, பறவைகளுக்கு உள்ள காறை எலும்பு (தோளையும் மார்பையும் இணைப்பது) டைனோசர்களுக்கு இல்லை என்று காரணம் காட்டி டென்மார்க்கின் ஹைல்மன் 1920களில் ஒதுக்கிவைத்தார். பின்னர் அரை நூற்றாண்டுக்கு அதைப் பெரும்பாலோர் தொடவில்லை. 1970இல் ஆஸ்ட்ரம் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகத்திற்குப் போனார். பறக்கும் ஊர்வன என்று 1857 முதல் அறியப்பட்டிருந்த ஒரு கற்பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது சிறகுகளின் மங்கிய தடம் தெரிந்தது; அதை ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவை என்று அவர் அடையாளம் கண்டார். உண்மையைச் சொன்னால் இரவல் தரமாட்டார்களோ என்று தயங்கியும் சொல்லிவிட்டார். காப்பாளர் பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தாராம். அந்த எலும்புகளையும் டைனோனிகஸின் மணிக்கட்டையும் ஒப்பிட்டு, 1973 முதல் அவர் எழுதியவைதாம் பறவைகளின் வம்சாவளியை மீண்டும் டைனோசர்களிடம் கொண்டு சேர்த்தன. ஆனாலும் மறுத்தவர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். இறகு போன்ற இழைகளோடு சீனாவில் கிடைத்த டைனோசரின் நிழற்படத்தை 1996இல் பார்த்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

இதை உனக்கு ஆறுதலாக எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்தச் செருப்புப் பெட்டியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நீ சேர்த்துவைத்த புதைபடிவக் கற்களில் ஒன்றைப் பங்குனியில் கேட்டாய்; பரணில்தான் இருக்கிறது, நிழற்படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அது பொய். நீ விமானம் ஏறிய ஆண்டு கிணற்றடியில் தளம் போட்டோம். பள்ளத்தை நிரப்பக் கொஞ்சம் கல் வேண்டும் என்று கொத்தனார் கேட்டபோது, அந்தக் கற்கள் இருந்த உன் பெட்டியை அப்படியே இறக்கிக் கொடுத்தேன். மறதியில் செய்யவில்லை, கோபத்தில்தான் செய்தேன். நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் எடுத்துப் பெயர் சூட்டிய பெரிய டைனோசரின் எலும்புகள் பொடிந்து போயின, இன்று வரைபடங்களும் சில நிழற்படங்களும்தாம் மிச்சம் என்று ஒருமுறை குரல் தழுதழுக்கச் சொன்னாயே, அன்றும் உன் நத்தைக் கற்கள் தளத்திற்கு அடியில்தான் கிடந்தன. நான் உச்சுக்கொட்டினேன்.

நீ அழைக்காமல் இருப்பதற்குக் கட்டுரை காரணமா, அந்தக் கல்லா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கொத்தனாரை வரச்சொல்லியிருக்கிறேன். தளத்தை உடைத்தால் கற்கள் கிடைக்கும். நீ ஒட்டிவைத்த சீட்டுகள் கிடைக்காது. எடுத்த இடமும் நாளும் தெரியாத கல்லால் ஆய்வுக்குப் பெரும் பயன் இல்லை என்பது இப்போது எனக்கும் தெரியும். எது எந்த ஓடையில் எடுத்தது என்று நினைவிருந்தால் சொல். திட்டுவதானாலும் தொலைபேசியிலேயே திட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா