ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா

தெருக்காரர்களுக்கும், கண்காட்சிக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் டேபிள் ஃபேனை மட்டும் அனுப்பி வைத்தவர்களுக்கும் வணக்கம்.

பத்திரிகை ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் பற்றி நாம் நடத்திய இரண்டு நாள் கண்காட்சி முடிந்து, பலகைகள் பரணுக்குப் போய்விட்டன. கடைசி நாள் மாலை என்னை நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கும்பிடு போட்டு இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் மாடி வீட்டுப் பாட்டி. 1878 செப்டம்பர் 20 அன்று சுப்பிரமணிய ஐயர் உள்பட நம் திருவல்லிக்கேணி நண்பர்கள் ஆறு பேர் 'தி இந்து'வை வார இதழாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் வாத்தியார்கள், நாலு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். இந்தியரான முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தாக்கி எழுத, பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்ற ஆத்திரத்தில் பிறந்த இதழ் அது. கடன் வாங்கியது ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா, அச்சடித்தது 80 பிரதி. இதைத்தான் முதல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். பிள்ளைகள் படித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அணா என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்?

பாட்டி நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, இப்போது கணக்குப் போடு என்றார். 336 தம்பிடி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்கையில் பேனாவால் வகுத்து, "பேப்பர் ஒண்ணுக்கு நாலு தம்பிடி, கொஞ்சம் மிச்சம் பாட்டி" என்றான். அதன் பிறகு அந்தப் பலகையை யாரும் சும்மா கடந்து போகவில்லை. நான் மூன்று மாதம் தேடிச் சேர்த்த தகவலைப் பாட்டி மூன்று நிமிடத்தில் உயிரோடு நிறுத்திவிட்டார். கொஞ்சம் பொறாமைதான்.

அடுத்து நம் ப்ரூஃப் ரீடர் ஐயா. ஒரு நாளிதழில் ஆயுள் முழுக்கப் பிழை பார்த்துவிட்டு ஓய்வில் இருப்பவர். 22 பலகைகளையும் சிவப்புப் பேனாவோடு படித்தார். என் தமிழை அவர் நடத்திய விதத்தை இங்கே விவரிக்க வேண்டாம். சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய தமிழ் வார இதழைப் பற்றி, 'சுதேசமித்திரன் 1882-இல் தொடக்கம், 1899 முதல் நாளிதழ்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. "வார இதழ் நாளிதழ் ஆகிறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோத்து, அச்சு ஓடி முடிந்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்துப் பழையபடி கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போட்டு, மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதை நின்றபடியே நடித்துக் காட்டினார். தந்திச் செய்தி வருவதோ இங்கிலீஷில். அதைத் தமிழாக்க ஆள் வேண்டும். 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்த பாரதியை ஐயர் அழைத்துவந்து உதவியாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது இந்த வேலைக்குத்தான். ஐயா சொல்லித்தான் ஒரு வரி தனிப் பலகையானது.

பாரதி என்றதும் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி நினைவுக்கு வருகிறார். வாசலுக்கு அடித்துக் கொடுத்த பேனரில் சுப்பிரமணிய ஐயருக்கு முண்டாசும் முறுக்கு மீசையும் இருந்தன. பெயரைக் கேட்டதும் கை தானாகப் பாரதி படத்தை எடுத்துவிட்டதாம். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து, காசு வாங்காமல் வேறு அடித்துக் கொடுத்தார். தம்பி, அந்த முதல் பேனரை நான் தூக்கிப் போடவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சற்றுக் கூச்சமான விஷயம். ஒன்பதாம் பலகையில் 'விதவையான தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார்' என்று எழுதியிருந்தோம். காங்கிரஸ் மாநாடு கூடிய அதே டிசம்பரில் நடந்த கல்யாணம். சொந்தக்காரர்களும் சாதிக்காரர்களும் அவரை ஒதுக்கினார்கள் என்பதையும் எழுதியிருந்தோம். நான்கு வருடம் முன்பு அதே பம்பாயில், முதல் காங்கிரஸில், முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர் என்பதையும் விடவில்லை. முனைத்தெருவில் பிளவுஸ் தைக்கும் அக்கா பலகை முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு என்னைத் தேடி வந்து, "சார், அந்தப் பொண்ணுக்குப் பேரு இல்லியா?" என்று கேட்டார்.

இருக்கிறது. சிவப்பிரியம்மாள். என் குறிப்பு நோட்டில் இருந்தது. பலகையில் இடம் போதவில்லை என்று நானே வெட்டியது. அக்காவே ஸ்கெட்ச் பேனா வாங்கிவந்து, 'மகள்' என்ற சொல்லுக்கு மேலே கோணல்மாணலாக எழுதினார். ப்ரூஃப் ரீடர் ஐயா அதைப் பார்த்தார், திருத்தவில்லை.

1908 பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. ராஜத்துரோக வழக்கில் கைதான ஐயர், உடம்பு நலிந்த நிலையில் நன்னடத்தைக்கு உறுதி கொடுத்து வெளியே வந்தார். அதை எதற்குப் போட வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்டீர்கள். போடத்தான் வேண்டும் என்று நின்ற கல்லூரி மாணவிக்கு நன்றி. 1903-இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியப் பொருளாதாரத்தை என்ன செய்தது என்று இங்கிலீஷில் புத்தகமே எழுதியவர், பத்திரிகை நடத்தியே இளைத்தவர், நோயோடு இருந்தவர். அந்தக் கையெழுத்தையும் சேர்த்துத்தான் அவரை மதிக்க முடியும் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சுதேசமித்திரன் பக்கங்களைத் தேடியெடுத்துக் கொடுத்த நூலகப் பணியாளர்கள், பந்தல்காரர், இரண்டு நாளும் சுக்குக் காபி போட்ட வீட்டுக்காரம்மா, திருவையாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து, "எங்க ஊருன்னா தியாகராஜர் மட்டும்தான்னு நெனச்சிருந்தோம்" என்ற தம்பதி, எல்லோருக்கும் கும்பிடு. 1855-இல் உங்கள் ஊரில் பிறந்தவர்தான் அம்மா, பெருமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் இடம் இல்லை என்று கைவிரித்த மண்டபத்துக்கும் ஒரு நன்றி. தெருவிலேயே நடத்தியதால்தான் தையல்கார அக்காவும் பாட்டியும் வந்தார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். அடியில் 'கா.ரா.' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு ஒன்றும், மூடியில்லாத ஃபிளாஸ்க் ஒன்றும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும். தூக்கில் வைத்திருந்த முறுக்கு தீர்ந்துவிட்டது.