இரண்டு மணித்தியாலம்

ஸ்காபரோ, கனடா
2026 தை 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. "போனில் நீ அவசரப்படுகிறாய், அதுதான் எழுதுகிறேன்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். வெட்கமாகப் போய்விட்டது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இங்கே குறைவில்லை. லோறன்ஸ் வீதித் தமிழ்க் கடையில் இடியப்பமும் சம்பலும் சொதியும் பெட்டியில் கட்டித் தருவார்கள். சொதிக்குள் தேங்காய்ப்பாலைத்தான் தேட வேண்டும். நான் பெரும்பாலும் பாணும் பருப்பும். சமைக்கச் சுகம், அதுதான்.

வேலை பெர்மிற் நீடித்து வந்துவிட்டது. அதோடு சின் நம்பரையும், இங்கே வேலை செய்ய அரசாங்கம் தருகிற இலக்கம், புதுப்பிக்க வேண்டும். என்னைப் போல் தற்காலிகமாக இருக்கிறவர்களின் இலக்கம் 9இல் தொடங்கும். பெர்மிற் முடிகிற நாளில் அதுவும் முடிந்துவிடும். அதற்காகப் போன செவ்வாய்க்கிழமை கந்தோருக்குப் போனேன். தானும் வருகிறேன் என்று மேல்வீட்டு ஐயா புறப்பட்டுவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்தானே, யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கிளாக்கராக இருந்தவர். வயது 78. இங்கே யார் எந்தக் கந்தோருக்குப் போனாலும் துணைக்குப் போவார். அவருக்கு அங்கே ஒரு அலுவலும் இல்லை. நம்பர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பதில் அப்படி ஒரு சந்தோசம்.

இங்கே பஸ்ஸுக்கு 3 டொலர் 30 சதம். அட்டையை ஒருதரம் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எந்த பஸ்ஸிலும் மாறி ஏறலாம், திரும்பியும் வரலாம். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்குள் போய், அலுவலை முடித்து, திரும்பும் பஸ்ஸில் கால் வைத்துவிட்டால் ஒரு காசோடு போய்வந்த மாதிரி. சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான் நான் நேரம் பார்ப்பது.

9.10க்கு 54ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறித் தட்டினேன். மக்கோவன் வீதியில் இறங்கி 16ஐப் பிடிக்க வேண்டும். பனி கொட்டியதால் எல்லாம் ஊர்ந்துதான் போனது. தரிப்பில் நிற்கும்போது ஐயாவின் மீசையில் பனி உறைந்து விபூதி பூசின மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் முந்தி ஒரு குட்டி ரயில் ஓடியது, 1985இல் தொடங்கியதாம். 2023 ஜூலையில் பின்பெட்டி தடம் புரண்டதோடு அதை நிறுத்திவிட்டு பஸ் விடுகிறார்கள். "1990இல யாழ்தேவி நிண்டதையும் பாத்தனான், இதையும் பாத்திட்டன்" என்றார் ஐயா.

கந்தோரில் எங்களுக்கு முன்னால் 31 பேர். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதை ஐயா கண்டுவிட்டார். "நெடுந்தீவுச் சனம் கச்சேரிக்கு வந்தால் நான் முதல்ல குறிகட்டுவான் படகு எத்தனை மணிக்கெண்டுதான் கேக்கிறனான், பிறகுதான் பைல். படகை விட்டால் அதுகள் எங்க படுக்கிறது?" என்றார். பக்கத்துக் கதிரைச் சீன அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

10.52க்குக் கூப்பிட்டார்கள். யன்னலுக்குள் இருந்த பிள்ளை என் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலப்பிரதி எங்கே என்று கேட்டாள். நான் கொண்டுபோனது போட்டோக் கொப்பி. பிழை என்னுடையதுதான். வெளியே ஓடினோம். 11.10க்கு பஸ் கண்ணுக்கே தெரியவில்லை. 11.16க்கு வந்தது. கடையில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி ஐயாவை ஏற்றிவிட்டு நான் நடந்து வந்தேன். ஒன்றேகால் மணித்தியாலம். நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே. நீங்கள் அனுப்பிய கம்பளிச் சொக்ஸ்தான் போட்டிருந்தேன்.

இங்கே பஸ்ஸில் ஒரு பெண் குரல் ஒவ்வொரு தரிப்பின் பெயரையும் பிழையில்லாமல் சொல்லும். நடந்து வரும்போது எங்கள் ஊர் 750 பஸ்ஸின் ஞாபகம் வந்தது. நெல்லியடிச் சந்தியில் கண்டக்டர் "இறக்கம் இருக்கோ?" என்று கத்துவார். நான் நித்திரையாகிவிட்டால் தட்டி எழுப்பி, "தம்பி, அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா, இறங்கு" என்பார். மூன்று வருசமாக ஒருவரும் என்னைத் தட்டி எழுப்பவில்லை அம்மா.

சரி, அதை விடுங்கள். உங்கள் பாஸ்போட் விசயம். போன செப்டெம்பரில் கச்சேரியிலேயே பாஸ்போட் கந்தோர் திறந்துவிட்டார்கள், இனி வவுனியாவுக்கு அலைய வேண்டாம். விடிய முதல் பஸ்ஸிலேயே போங்கள். படம் எடுக்கப் பதிவுள்ள ஸ்ரூடியோவுக்குத்தான் போக வேண்டும், சந்திக் கடையில் எடுக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மூலப்பிரதிதான், கொப்பி வேண்டாம். யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோ பிடியுங்கள், காசு பார்க்காதீர்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த மாதக் காசு ஒரு கிழமை பிந்தும். வங்கியில் ஏதோ சுணக்கம். மதில் வேலைக்காரருக்கு மாசிக்குள் தருவதாகச் சொல்லுங்கள். வேலி விசயத்தில் மாமாவோடு நீங்கள் கதைக்க வேண்டாம். விதானையார் வந்து அளந்தாரா, இல்லையா? அளந்தால் பூவரசு எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுதுங்கள்.

அன்பு மகன்

பி.கு: கறுப்பி குட்டி போட்டதா? தங்கச்சி படம் அனுப்புகிறேன் என்றாள், இன்னும் காணவில்லை.