போரர் பூச்சியைத் தேடும் மல்லிகாவுக்கு

குகை, சேலம்
பிப்ரவரி கடைசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் மிளகும் வந்து சேர்ந்தன. ரசத்துக்கு அந்த மிளகுதான் என்று அத்தை தனி டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டார். இங்கே வெயில் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. மூத்தவன் பெங்களூருவில் வேலை மாறிவிட்டான். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். அதெல்லாம் நேரில் பேசலாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். "ராத்திரி வரைக்கும் போனைத் தேய்த்தேன், மருந்து விற்கிறவன்தான் வருகிறான்" என்று எழுதியிருந்தாய். நீ அடித்தது 'காபி செடி காய்ந்து போகிறது என்ன செய்வது'. இந்த வார்த்தைகளை யார் எழுதி வைத்திருப்பார்கள் என்று கொஞ்சம் யோசி. மருந்து விற்கிறவரும் வீடியோ போடுகிறவரும்தான். காபியையே காலமெல்லாம் ஆராய்ந்த ஒருவர் அப்படி எழுத மாட்டார், பூச்சியின் பெயரைப் போட்டுத்தான் எழுதுவார். நூலகத்தில் இருந்தபோது வாசகர்களிடம் நான் ஓயாமல் சொன்னது இதைத்தான்: உங்கள் சந்தேகத்தை அப்படியே அடிக்காதீர்கள், விடை இருக்கும் பக்கத்தில் என்னென்ன வார்த்தை இருக்கும் என்று ஊகித்து அதை அடியுங்கள்.

இலை மஞ்சளாகி வாடுகிறது, தண்டில் வரிவரியாகப் புடைத்திருக்கிறது, அதுவும் அராபிகா வகைக் காபி என்கிறாய். எனக்கென்னவோ உங்கள் ஆட்கள் போரர் என்று சொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் மாதிரிதான் படுகிறது. காய்ந்த செடியைப் படமெடுத்துக் கூகுள் லென்ஸில் போடாதே, எந்த நோயை வேண்டுமானாலும் சொல்லும். வண்டு கையில் கிடைத்தால் போடு, அதற்கு லென்ஸ் நன்றாக உதவும். வண்டு கிடைக்காவிட்டால் விக்கிப்பீடியாவில் தேடி அறிவியல் பெயரை எடுத்துக்கொள்: சைலோட்ரெக்கஸ் குவாட்ரிப்ஸ். அதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார், வருகிற பக்கங்களே வேறாக இருக்கும்.

அப்புறம் வடிகட்ட வேண்டும். பூச்சியின் பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல ஜிஓவி டாட் இன் என்று போடு. அரசுத் தளங்கள் மட்டும் வரும். அதே மாதிரி 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்று போட்டால் அச்சிட்ட கையேடுகளும் அறிக்கைகளும் வரும். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் கர்நாடகத்தில் பாலெஹொன்னூரில் 1925 முதல் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து அடித்தால் அங்கே செய்த வேலைகள் மேலே வரும். கட்டுரைகள் வேண்டுமென்றால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் 'சைட்டட் பை' என்று இருக்கும், அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் எழுதியவர்கள் வரிசையாகக் கிடைப்பார்கள். பணம் கேட்டால் 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்து, பல சமயம் இலவசப் பிரதி ஒன்று இருக்கும்.

இந்தத் தேடலில் அவசரம் இருக்கிறது மல்லிகா. மார்ச்சிலும் செப்டம்பரிலும், வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்னாலேயே, ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பார்த்து, புடைப்பு உள்ளதைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பதுதான் வாரியத்தின் பரிந்துரை. ஏப்ரல், மே வந்துவிட்டால் வண்டு வெளியே வந்து, வெயில் படும் தண்டில் பட்டை வெடிப்புக்குள் முட்டையிடும். நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்கலாம் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாயே, நிழல் குறைந்தால் போரருக்குத்தான் கொண்டாட்டம். அதை முதலில் அவரிடம் சொல்.

ஏற்காட்டுக் காபியின் பழங்கதை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். அதற்கு வேறு வழி. வெறும் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலமும் கலந்து வரும், 1692இன் சூனியக்காரி வழக்குகளோடு. மாசசூசெட்ஸுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு விலக்கலாம். எனக்குப் பிடித்தது கூட்டுவது: ஓமலூர், ஆத்தூர், ஷெவராய் (நம் சேர்வராயன் மலைதான்) என்று ஒன்றைச் சேர். அந்த ஊர்ச் சேலத்தில் ஓமலூர் ஏது?

1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைத்தார் என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. முக்கால்வாசி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பத்துப் பக்கம் ஒரே மாதிரி சொன்னால் அது பத்துச் சாட்சி ஆகாது, இருப்பதில் பழையது எது என்று பார்த்துக்கொண்டே பின்னால் போ. லெ ஃபானு எழுதிய 1883 சேலம் மாவட்ட மேனுவலும் ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும், இரண்டுமே மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்கள், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. அங்கே சாதாரணமாகத் தேடினால் தலைப்பு, ஆசிரியர் பெயர் போன்ற நூல் விவரங்களில் மட்டும்தான் பார்க்கும். புத்தகத்தின் உள்ளே தேடும் 'டெக்ஸ்ட் கன்டென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதே. வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டியது போலவே நீயும் அடிக்க வேண்டும்.

தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பழைய அச்சை அப்படியே படமாக ஏற்றியிருப்பதால் உள்ளே இருக்கும் சொல்லைப் போட்டால் பெரும்பாலும் அகப்படாது. நூற்பெயர், ஆசிரியர் பெயர் என்று போ. தமிழில் மேற்கோள் குறிக்குள் தேடும்போதும் கவனம்: 'ஏற்காடு காபி' என்று போட்டால் 'ஏற்காட்டுக் காபி' விட்டுப்போகும், 'காப்பி' என்று எழுதியவரும் விட்டுப்போவார். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார். கூகுளில் இல்லையென்றால் மற்றத் தேடுதளங்களான பிங்கில் ஒருமுறை, டக்டக்கோவில் ஒருமுறை.

தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ தருகிற சுருக்கத்தை வைத்துக்கொண்டு மட்டும் மருந்து அடித்துவிடாதே. எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே இணைப்பு இருக்கும், அதைத் திறந்து அளவைச் சரிபார்த்துக்கொள்.

புடைத்த தண்டைக் கிட்டத்தில் படமெடுத்து எனக்கும் அனுப்பு. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பட்டையைக் கொஞ்சம் சீவி உள்ளே குடைந்திருக்கிறதா என்றும் பார். மார்ச் முதல் வாரம் நானும் மேலே வருகிறேன், தோட்டத்தை வரிசை வரிசையாகச் சேர்ந்தே பார்த்துவிடலாம். கண்ணாடி எடுத்து வருகிறேன். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
சாந்தி