ஆவணி 20 கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடைசி பிளவுஸையும் முடித்துக் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு நாளாக வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறும்தான் சாப்பாடு, இரண்டரை கிலோ குறைந்துவிட்டது என்று நேற்று சந்தோஷமாகச் சொன்னாய். உன் குரலில் தெம்பே இல்லை. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ இளைக்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. பூ வைத்த அன்று உன் அத்தை "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்" என்றபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். உன் முகம் வாடியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு, பாப்பா.

இன்னொரு தப்பும் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைத்தேன். ஒன்றரை மாதத்தில் மூன்று முறை வந்து பிளவுஸைப் பிடித்துத் தரச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பிடித்துக் கொடுத்தேன். ஏன் இப்படி இளைக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முகூர்த்தத்தன்று பட்டுப்புடவைக் கனத்திலும் ஓமப் புகையிலும் மணவறையிலேயே மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சர்க்கரை கரைத்துக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பிளவுஸ் தோளில் நிற்காமல் நழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கையால் அளவெடுத்த உடம்பு அது.

அதனால் உன் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். அப்பாவுக்குச் சுகர் வந்தபோது ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்தது இது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். உன் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 1,800 அளவில் இருக்கும். நாலு நாள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் கிடந்தாலும் ஒரு கிலோ கொழுப்பு கரையாது. அப்படியென்றால் அந்த இரண்டரை கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது அதுதான். இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடும். அப்போது மனது உடைந்துபோகாதே. மாதவிலக்குக்கு முந்தின வாரம் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடிக் காட்டுவதும் தண்ணீர்தான். அந்த நாட்களில் எடை மெஷினில் ஏறவே வேண்டாம்.

வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதுதான் உடம்பு தாங்கும் வேகம். இன்று ஆடி 2. நடுவில் 49 நாள் இருக்கிறது. தினமும் ஐந்நூறு கலோரி குறைந்தால் மூன்று, மூன்றரை கிலோ நிஜமாகவே குறையும். என் டேப்பில் அது இடுப்பில் ஒரு இஞ்சுக்கு மேல் தெரியும். முகத்தில் அதற்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

அந்த ஐந்நூறைக் குறைக்கப் பட்டினி எதற்கு? சாயங்காலம் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடும் இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட இரண்டு டீயும் நின்றாலே பாதி வேலை முடிந்தது. காலையில் மெஸ்ஸில் பூரி போட்டால் விட்டுவிடு. இட்லி இருக்கும் நாளில் இரண்டு இட்லி, கரண்டி நிறைய சாம்பார், ஒரு அவித்த முட்டை. மத்தியானம் சோற்றை ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு கீரையும் கூட்டும் இரண்டு கிண்ணம் போடு, மோர் குடி. சாயங்காலம் சுண்டல். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று உன் ஆச்சி சொல்வாளே, அந்தக் கொள்ளில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. புரதம் வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப்போடும், தசை கரையாமலும் காப்பாற்றும். வேலை முடிந்ததும் முக்கால் மணி நேரம் வேகமாக நட. ஆறாவது மாடிக்கு லிஃப்டில் போகாதே. ராத்திரி ஒரு மணி வரை போனோடு முழித்திருக்காதே, தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுதலாகத் தெரியும். கடைசி வாரம் ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம். உப்பு கூடினால் முகம் ஊதும்.

போன வருஷம் உனக்கு ரத்தம் 10 தான் இருந்தது, 12-க்கு மேல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இந்த வாரமே ரத்தமும் தைராய்டும் பார்த்துவிட்டு எனக்குச் சொல். வெள்ளரிக்காயில் ரத்தம் ஊறாது.

அப்புறம் முடி. உடம்பைப் பட்டினி போட்டால் முடி அன்றைக்கே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாக வரும். இப்போது செய்கிற காரியம் உன் தலைதீபாவளிக்குச் சீப்பில் தெரியும். ரொம்ப வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு.

உன் அறைத் தோழி வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த மூலிகை மாத்திரையைத் தொடாதே. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சிபுட்ரமின் என்று ஒரு பசி குறைக்கும் மருந்து இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வருகிறது என்று 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள், 2011-ல் நம் நாட்டிலும் தடை செய்தார்கள். அதே மருந்தை ரகசியமாகக் கலந்து மூலிகை என்று விற்றதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். டப்பாவில் இலை படம் போட்டிருப்பதால் உள்ளே இலைதான் இருக்கும் என்று நம்பாதே. வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு உருகும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடருக்கு உறவு அது. வயிற்றுக்குள் போனால் விஷம். தைராய்டு கோளாறு இல்லாதவர்கள் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை போடுவதும் இதயத்தைத்தான் கெடுக்கும்.

பிளவுஸைப் பற்றிக் கவலைப்படாதே. துணியை இன்னும் வெட்டவில்லை. ஃப்ரேமில் கட்டிக் கைக்கும் கழுத்துக்கும் ஆரி வேலை நடந்துகொண்டிருக்கிறது. மயில் கழுத்து நிற நூல் கேட்டாயே, கிடைத்துவிட்டது. பக்கத் தையலை மட்டும் கடைசியில் போடுகிறேன், உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி விட்டு. மூன்று கிலோ குறைந்தாலும் சரி, ஒன்றுமே குறையாவிட்டாலும் சரி, உன் உடம்புக்கு அது உட்காரும்.

வெள்ளிக்கிழமை பெங்களூர் பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். கொள்ளுப் பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் இருக்கும், சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்து சாப்பிடு. ஆவணி 5-க்கு முன்னால் எப்படியாவது லீவு போட்டு வந்துவிடு, அளவெடுக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்று ராத்திரி சோறு சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா