பதத்தை எழுதுங்கள்: இத்தாலிய சமையல் நூல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் வணக்கம்.

வேலை முடிந்து வீடு திரும்பிய மாலைகளில், மொழிபெயர்ப்பில் வந்த உங்கள் நூல்களை அடுப்படியில் திறந்துவைத்துக் குடும்பத்திற்காகச் சமைப்பவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இத்தாலிய உணவு வீட்டுச் சமையலுக்கு மிகவும் ஏற்றது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதைக் கற்றுத்தரும் நூல்களில் பல, இத்தாலிய வீட்டில் வளராத ஒருவர் அவற்றை மட்டுமே நம்பி அடுப்பைப் பற்றவைக்கும்போது பாதி வழியில் கைவிட்டுவிடுகின்றன.

இத்தாலியக் குறிப்புகளில் 'குவாந்தோ பாஸ்தா' என்றொரு தொடர் அடிக்கடி வரும். 'போதுமான அளவு' என்பது அதன் பொருள். தமிழ்ச் சமையல் நூல்களிலும் 'உப்பு – தேவையான அளவு' என்றே எழுதுகிறோம் என்பதால் அத்தொடரின் மீது எனக்குக் குறையில்லை. எனினும் சாம்பாருக்கு எவ்வளவு உப்பு தேவை என்பதைத் தமிழ் வாசகர் ஏற்கெனவே அம்மாவின் பக்கத்தில் நின்று அறிந்திருக்கிறார். சூப்புத் தண்ணீரில் அரிசியை வேகவைக்கும் ரிசோத்தோவுக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பதை நான் யாருடைய பக்கத்தில் நின்றும் அறியவில்லை. அளவைச் சொல்ல முடியாத இடத்தில் பதத்தையாவது சொல்ல வேண்டும்: தட்டைச் சாய்த்தால் சோறு மெதுவாக அலைபோல் நகர வேண்டும் என்ற ஒரே வாக்கியம், எத்தனை கரண்டி ஊற்ற வேண்டும் என்ற கணக்கைவிட எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

உங்கள் மொழியில் அந்தப் பதங்களுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. வெங்காயம் வாடித் துவள்வதை 'அப்பாஸ்ஸிரே' என்றும், இளம்பொன்னாக மாறுவதை 'இம்பியொந்தீரே' என்றும், நன்கு சிவப்பதை 'ரொசொலாரே' என்றும் பிரித்தே வழங்குகிறீர்கள். கண்ணாடிப் பதம், பொன்னிறம், முறுவல் என்று நாங்கள் சொல்வதற்கு அவை மிக அருகில் நிற்பவை. மொழிபெயர்ப்பிலோ மூன்றும் 'வதக்கவும்' என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. சமைப்பவருக்கு மிகவும் வேண்டிய செய்தி அந்த இடத்தில்தான் தொலைகிறது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி மெல்லிய தீயில் வாட்டும் 'சொஃப்ரித்தோ'வுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று அச்சிடுகிறீர்கள். என் அடுப்பில் அது கால் மணி நேரத்திற்குக் குறைந்து ஒருநாளும் ஆனதில்லை.

இதைச் சரியாகச் செய்தவர்கள் உங்களிடையே இருந்திருக்கிறார்கள். மார்செல்லா ஹசானின் புகழ்பெற்ற சாஸில் தக்காளி, வெண்ணெய், பாதியாக வெட்டிய வெங்காயம், உப்பு ஆகியவை மட்டுமே உண்டு. 45 நிமிடம் என்று நேரத்தைச் சொன்ன கையோடு, கொழுப்பு தக்காளியிலிருந்து பிரிந்து மிதக்கும் வரை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 'எண்ணெய் பிரிந்து வரும் வரை' என்று கேட்டே வளர்ந்த எனக்கு, அந்த ஒரு வரியைப் படித்தபோது அந்நியச் சமையல் ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணமே அகன்றது.

மொழிபெயர்ப்பின் கவனக்குறைவால் நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியில் 'லியெவித்தோ' என்ற சொல் ரொட்டிக்கான ஈஸ்ட்டையும் கேக்குக்கான பேக்கிங் பவுடரையும் குறிக்கும். கேக் குறிப்பில் 'ஒரு பொட்டலம்' என்றால், 500 கிராம் மாவுக்குரிய 16 கிராம் பேக்கிங் பவுடர் என்று அங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் வாங்கிய நூலில் அது 'ஒரு பொட்டலம் ஈஸ்ட்' என்று அச்சாகியிருந்தது. மகளின் பிறந்தநாளுக்காகச் செய்த எலுமிச்சை கேக் கல்லாக இறுகி, அரை டஜன் முட்டையும் ஒரு மாலைப்பொழுதும் வீணாயின. கிராமில் எழுதியிருந்தால்கூட ஐயம் எழுந்திருக்கும்.

நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற விதியையும் ஒருமுறை மறுபார்வை இடுங்கள். நானூறு கிராமுக்கு வேண்டிய நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இல்லை; அடிக்கடி கிளறிவிட்டால் குறைந்த தண்ணீரிலும் பாஸ்தா நன்றாக வேகிறது, மாவுச்சத்து மிகுந்த அந்த நீர் சாஸை நன்கு ஒட்டவும் வைக்கிறது.

மாற்றுப் பொருள்களைப் பற்றி உங்களில் பலர் காக்கும் மௌனமே எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பன்றியின் கன்ன இறைச்சியைப் பதப்படுத்திய குவான்சாலே கிடைக்காதவர் வயிற்றிறைச்சியால் ஆன பான்செத்தாவைப் போடலாமா, ஆட்டுப்பால் சீஸான பெக்கொரினோ இல்லாதபோது பசும்பால் சீஸான பார்மிஜானோ போதுமா, போட்டால் சுவையில் எது குறையும், உப்பை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பவற்றை நேர்மையாக எழுதுவதால் மரபு கெட்டுவிடாது. பொலோனா நகரின் இறைச்சி சாஸான ராகுவின் செய்முறையை இத்தாலிய சமையல் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று அந்நகர வணிகர் சங்கத்தில் பதிவு செய்தது. அதே கழகம் 2023இல் அதைப் புதுப்பித்தபோது, ஏற்கத்தக்க மாற்றங்கள் எவை, ஏற்கத்தகாதவை எவை என்று பிரித்தே காட்டியது. மரபைக் காக்கவென்றே அமைந்த ஒரு கழகம் செய்ததை, வீட்டுச் சமையலுக்கென்று விற்கப்படும் ஒரு நூல் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

பெல்லெக்ரினோ அர்த்தூசி 1891இல் தம் சொந்தப் பணத்தில் வெளியிட்ட சமையல் நூலை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். முதல் பதிப்பில் 475ஆக இருந்த குறிப்புகள், அவர் காலத்தின் கடைசிப் பதிப்பில் 790ஆக வளர்ந்தன. ஃபிளாரன்ஸில் இருந்த அவர் வீட்டு அடுப்பில் அவருடைய சமையற்காரர்களான மரியெத்தா சபாத்தினியும் பிரான்செஸ்கோ ருஃபில்லியும் குறிப்புகளைச் சமைத்துப் பார்த்தனர். வாசகர்கள் கடிதம் எழுதினர். ஒவ்வொரு பதிப்பும் அவற்றால் திருந்தியது.

உங்கள் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன், இத்தாலியைப் பார்த்திராத, சாதாரண அடுப்பும் நடுத்தர வாணலியும் உள்ள ஒருவரிடம் பத்துக் குறிப்புகளைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். சமைக்கும்போது அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய விடையை அந்தந்தக் குறிப்பிலேயே சேர்த்து அச்சிடுங்கள். அத்தகையவர் கிடைக்கவில்லை என்றால், அப்பணியைச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைப் பார்த்துச் சமைக்கும் வாசகி